கூட்டத்துக்கு ஒரு முள்

"நாந்தான் கொன்னேன் அம்மணி. என்ற கையத் தூக்கித்தான் கொன்னேன்."

தங்கமாரி எழுந்து போய் அறைக்கதவைச் சாத்தினாள். சாத்தி ஒன்றும் ஆகப்போவதில்லை. வெளியே ஆபீசில் உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் விஷயம் தெரியும். ஆனாலும் ஒரு பொம்பளை தலையில் அடித்துக்கொண்டு அழும்போது கதவு திறந்து கிடக்கக் கூடாது என்று அவளுக்குப் பட்டது.

ருக்குமணியக்கா மயில்சாமி முதலாளி வீட்டுச் சமையல்காரி. இது ஊருக்குத் தெரிந்த வேலை. ஊருக்குத் தெரியாத வேலை ஒன்றும் உண்டு: நவசுடர் பிராசசர்ஸ் பிரைவேட் லிமிடெட்டின் இயக்குநர். பிரைவேட் கம்பெனி என்றால் குறைந்தது இரண்டு இயக்குநர் வேண்டும். பங்காளியை உள்ளே விட்டால் பாதியைக் கேட்பான், சமையல்காரி எதையும் கேட்கமாட்டாள். அதனால் முதலாளி அடுப்படியிலிருந்து ஒருத்தியையும் கார் ஷெட்டிலிருந்து ஒருத்தரையும் எடுத்து, தன்னோடு சேர்த்து இயக்குநராக்கிவிட்டார். கார் ஷெட்டுக்காரர், டிரைவர் நாச்சிமுத்து, போன மாசியில் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

பல்லடம் ரோட்டுச் சாயப்பட்டறையில் பாய்லர் வெடித்தது அதற்குப் பிறகு. மூன்று பேர் செத்தார்கள். ஒருவன் அக்காவின் தங்கை மகன். அவனுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே அக்காதான். பாய்லர் தாங்காது, மாற்றுங்கள் என்று என்ஜினியர் எழுதிக் கொடுத்திருந்தார். இந்த வருஷம் வேண்டாம், தள்ளிவைக்கலாம் என்று அதற்கு முந்தைய ஆடி மாதம் போர்டு கூட்டத்தில் கை தூக்கியவர்கள் இரண்டு பேர், நாச்சிமுத்துவும் ருக்குமணியும். முதலாளி அன்றைக்கு விடுப்பு. விடுப்பைக் கூட்டமும் முறைப்படி ஏற்றுக்கொண்டது.

ஆக, குற்றம் சாட்ட உயிரோடு இருக்கும் ஒரே ஆள் அக்கா. நாளைக்குக் காலையில் கம்பெனிப் பதிவாளர் அலுவலகத்தில் அவர் தலையை வாசிக்கப் போகிறார்கள். வாசித்து முடித்ததும் ஜெயில்.

"காயிதத்துலதான் கையெழுத்து இருக்குதே கண்ணு. அப்புறம் எதுக்குத் தலைக்குள்ள பாக்கறாங்க?"

"காகிதத்த எவன் நம்புதான்க்கா? காகிதம், போட்டோ, வீடியோ, குரல், எல்லாத்தையும் இப்ப மிஷினே உண்டாக்கிருது. அதோட, பெரிய கம்பெனிக திவாலானப்ப ஒவ்வொரு இயக்குநரும் கோர்ட்ல நின்னு, 'எனக்கு ஞாபகமில்ல'ன்னே சொல்லித் தப்பிச்சான். அதான் சட்டத்த மாத்துனாங்க. போர்டு கூட்டம்னா அது இயக்குநர் ஞாபகத்துல இருக்கணும். இருந்தா நடந்தது. இல்லன்னா நடக்கல."

"இருக்குதே கண்ணு. அப்படியே முன்னால நிக்குதே."

இருப்பதுதான் தங்கமாரிக்குச் சிக்கலாக இருந்தது.

சட்டம் மாறியதே தவிர தொழில் மாறவில்லை. முன்பெல்லாம் பாதிக் கம்பெனிகளில் போர்டு கூட்டம் நடப்பதே கிடையாது. கம்பெனி செகரெட்டரி ஆபீசில் ஒரு பிள்ளை உட்கார்ந்து, கூடினார்கள், பேசினார்கள், தலைவருக்கு நன்றி கூறிக் கூட்டம் நிறைவுற்றது என்று டைப் அடித்து அனுப்பும். இப்போது அதையே தலைக்குள் அனுப்புகிறார்கள். மறதி நோய்க்காரர்களுக்காகக் கண்டுபிடித்த பட்டை அது. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடினால் போதும், நடக்காதது நடந்ததாக நினைவில் ஊன்றிவிடும். தொழிலில் அதற்குப் பதியம் என்று பெயர். ரோஜாக் கொம்பைப் பதியம் போடுகிற மாதிரி சாதாரணமாகச் சொல்வார்கள்.

பதியத்துக்கு யாராவது எழுத வேண்டும். யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் தும்மினார்கள், ஜன்னலில் வெயில் எந்தப் பக்கம். நவசுடருக்குக் கம்பெனி செகரெட்டரியான ஜெயசீலன் சார் ஆபீசில் அதை எழுதுகிறவள் தங்கமாரி. அவளுக்கு அதில் பெயர் உண்டு. வழுவழுப்பாக எழுதினால் ஞாபகம் நிற்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும். கூட்டத்துக்கு ஒரு முள் வேண்டும். சின்னதாக ஒரு அவஸ்தை. பல்லிடுக்கில் மாட்டிய கறிவேப்பிலை, மின்விசிறியின் கிறீச், பிருஷ்டத்தில் குத்தும் நாற்காலி ஆணி. அந்த முள் தைத்தால்தான் மற்றதெல்லாம் அதில் மாட்டிக்கொண்டு நிற்கும். ஜெயசீலன் சாருக்கு முள் வராது. அவர் எழுதினால் எப்போது பார்த்தாலும் காபி ஆறிப்போயிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு பொழுதுக்கு ஒரு ஞாபகம்தான் நிற்கும். புதிது ஊன்றினால் அந்த நேரத்துப் பழையது அடியில் போய்விடும்.

"என்ற மக கேக்கறா," என்றார் அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே. "பேத்தி பொறந்தன்னிக்கு நீதானம்மா மொதல்ல வாங்கினே, அது உனக்கு ஞாபகமில்லையான்னு. ஒண்ணுமே இல்ல கண்ணு. அன்னிக்குத்தான எனக்கு அந்த பாய்லர் மீட்டிங்கு. மீட்டிங்குல இருந்தேன்னா சிரிக்கறா. ஆஸ்பத்திரியில நான் புள்ளய வெச்சுட்டு நிக்கற போட்டோ இருக்குதுன்னு காட்டறா. போட்டோதான் பொய்யாச்சே."

வேறு எந்தக் கூட்டமாக இருந்தாலும் தங்கமாரி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா, அது நான் எழுதுனது, நீங்க அங்க போகவே இல்ல என்று சொல்லியிருப்பாள். வேலை போனாலும் சொல்லியிருப்பாள். இந்த ஒன்றுக்கு மட்டும் சொல்ல முடியாது. அந்தப் பாய்லர் கூட்டம் நிஜமாகவே நடந்தது. அதை நடக்க வைத்ததே அவள்தான்.

அது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆடி மழை. சார் அவளைக் கூப்பிட்டு, பாய்லரைத் தள்ளிவைக்கிற மாதிரி ஒரு கூட்டம் எழுதும்மா என்றார். "மாட்டேன் சார். மனுசன் உயிர் சமாச்சாரம்," என்று பேனாவை மேஜையில் எறிந்துவிட்டு வெளியேறினாள். படியில் இறங்கும்போது வலது செருப்பின் வார் அறுந்தது. துப்பட்டாவிலிருந்து ஊக்கைக் கழற்றிக் குத்தும்போது இடது ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. விரலைச் சப்பினாள். துரு ருசி. பின்னாலேயே இறங்கி வந்த சார், "சரிம்மா, நீ சொல்றதுதான் சரி. இந்தக் கூட்டத்தை இன்னிக்கே நிஜமா நடத்திருவோம். நீயே சான்று குடு," என்றார்.

சாத்தூரில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிய அம்மாவின் மகள், வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் படியேறியவள், ஒரு பெரிய மனுஷனைப் பார்த்து மாட்டேன் என்று சொன்ன ஒரே நாள் அது. எத்தனையோ நாள் கூசிக் குறுகி எழுதிய பொய்களுக்கெல்லாம் அந்த ஒரு நாளைத்தான் அவள் ஈடாக வைத்திருந்தாள். அந்த நாள்தான் இப்போது அக்காவின் கழுத்தில் கயிறாக விழுந்திருக்கிறது.

"எனக்கு அந்தக் கூட்டத்துல என்ன புரிஞ்சுதுன்னு கேப்பாங்களா அம்மணி?"

"கேக்கமாட்டாங்கக்கா. கை தூக்குனீங்களான்னு மட்டும் பாப்பாங்க."

"தூக்கினேன்," என்றார் அக்கா. "அதுல சந்தேகமே இல்ல."

*

ஜெயசீலன் சார் குரலை உயர்த்தாத மனிதர். அவர் குரலை உயர்த்தாததே தங்கமாரிக்கு எரிச்சலாக இருக்கும்.

"உட்காரும்மா."

"இருக்கட்டும் சார். முதலாளி எதுக்கு சார் அன்னிக்கு விடுப்பு?"

"திருச்செந்தூர் போயிருந்தார். விடுப்பு கேட்டார், போர்டு குடுத்தது. சட்டத்துல இடமிருக்கு."

"எந்தக் கூட்டம்னு தெரிஞ்சுதானே போனாரு? பாய்லர்னா இட்லி அவிக்கிற குண்டான்னு நெனச்சிருக்கும் அந்தம்மா. அதுகிட்டப் போய்க் கை தூக்கச் சொன்னா தூக்காம என்ன செய்யும்?"

"சட்டத்துக்கு இயக்குநர்னா இயக்குநர்தாம்மா. சமையல்கார இயக்குநர், சாதாரண இயக்குநர்னு ரெண்டு கிடையாது. படிச்சவ, உனக்கு நான் சொல்லணுமா?"

"படிச்சதாலதான் கேக்கேன். நாச்சிமுத்து அண்ணன் செத்துட்டாரு. முதலாளி சாமி கும்பிடப் போயிட்டாரு. சோறாக்குன பொம்பள ஜெயிலுக்குப் போகணும். நல்லாருக்கு சார் உங்க கணக்கு."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு நீயும் வரணும். அந்தக் கூட்டம் பதியம் இல்ல, நிஜம்னு சாட்சி வேணும். நீ பொய் எழுத மறுத்தே. அதனாலேயே கூட்டம் நடந்தது. இதைவிடச் சுத்தமான ஞாபகம் இந்தக் கோயமுத்தூர்லயே யார்கிட்டயும் இருக்காது."

"வரமாட்டேன்னா?"

"உன் ஞாபகத்தைக் கேட்டு ஆர்டர் வந்தாச்சு. வரலைன்னா நீ மறைக்கிறேன்னு ஆகும். அம்மாவோட டயாலிசிஸுக்குச் செலவு பண்றது யாரு, நீதானே?" கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை வாஞ்சையோடு பார்த்தார். "நீ கோபப்படறது எனக்குப் பிடிக்கும்மா. உன் கோபம்தான் இந்த ஆபீசுக்கு முதல்."

அந்தப் பேச்சு ஏனோ அவளுக்குச் சோற்றில் கல் கடித்த மாதிரி இருந்தது. ஆனால் என்னவென்று பிடிபடவில்லை. வெளியே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். பழக்கத்தில் கை காதுக்குப் பின்னால் போனது. எழுதியதை அனுப்புவதற்கு முன் பட்டையைத் தன் காதிலேயே ஒட்டி ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பாள். ஆபீசில் அதற்கு உப்புப் பார்ப்பது என்று பேர். ஞாபகத்தை நிலைக்க வைக்கும் முத்திரையைப் போடாமல் பார்த்தால் கொஞ்ச நேரத்தில் கலைந்துவிடும். ஆபத்தில்லை என்று சார்தான் பழக்கிவிட்டார்.

*

பதிவாளர் அலுவலகத்து வாசிப்பு அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. ஒரு முனையில் முதலாளியின் வக்கீல் போனில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஜெயசீலன் சார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மறுமுனையில் அக்கா. வெறுங்காலை சிமெண்ட் தரையில் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"பயமாருக்குதாக்கா?"

"பயமெல்லாம் போயிருச்சு. உள்ள போனா தங்கச்சி மூஞ்சியில முழிக்க வேண்டியதில்ல. அதுவே பெரிய நிம்மதி." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "ஆனா ஒண்ணுதான் கண்ணு, நேத்து ராத்திரியெல்லாம் அதையே நெனச்சுட்டுக் கெடந்தேன். அன்னிக்கு நானெதுக்குச் செருப்புப் போட்டேன்?"

"என்ன செருப்பு?"

"மகளுக்குப் புள்ள தங்கலீன்னு பழனிக்கு வேண்டிக்கிட்டு நான் செருப்பே தொடறதில்லைன்னு இருந்தேன். புள்ள பொறந்து, மலையேறி முடி எறக்கினதுக்கப்புறந்தான் போடறதாப் பேச்சு. எறக்கியாச்சு, ஆனாலும் பழகிப்போச்சு, போடறதில்ல. அப்படியிருக்கறப்ப, பேத்தி பொறந்தன்னிக்கு மீட்டிங்குக்கு மட்டும் செருப்புப் போட்டிருக்கறேன் பாரு. சாமிகிட்டச் சொன்ன சொல்ல மீறினதுக்குத்தான் பையன் போயிட்டான்."

"செருப்புப் போட்டிருந்தது எப்படி ஞாபகம் இருக்கு?"

"மறக்குமா? கையத் தூக்கறப்ப வலது கால் செருப்பு வாரு அறுந்துபோச்சு. ஊக்கு எடுத்துக் குத்தினேன். வெரல்ல ஏறிப்போச்சு." அக்கா இடது கையின் ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினார். "சப்பினேன். துருப்புடிச்ச மாதிரி ஒரு ருசி. இப்பவும் நாக்குல இருக்குது."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வக்கீல் யாரையோ ராஸ்கல் என்றார். தங்கமாரிக்குக் காதில் எதுவும் ஏறவில்லை. அவள் நாக்கில் அந்தத் துரு இருந்தது. அதே விரல், அதே கால். அவளுடைய ஆடி மழையில், அவளுடைய படிக்கட்டில், அவளுடைய மாட்டேனுக்குப் பின்னால் ஊன்றிய அதே முள்.

மெல்லக் குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

கம்பெனி செகரெட்டரி பரீட்சை பாஸானபோது அம்மா சாத்தூர்க் கடைத்தெருவில் வாங்கித் தந்த மெரூன் கலர்ச் செருப்பு. அவளுக்கு இருப்பது இது ஒன்றுதான். அன்றைக்கு அறுந்ததும் இதுதான். தைத்துப் போட்டிருப்போம் என்று நினைத்தாளா? அப்படிக்கூட நினைத்ததில்லை. பெருமையாக வைத்திருக்கும் ஒரு நாளை யாரும் புரட்டிப் போட்டுச் சரிபார்ப்பதில்லை. வலது செருப்பைக் கழற்றி மடியில் வைத்து, வார் வேரிடும் இடத்தை நகத்தால் தடவினாள். தையல் இல்லை. ஊக்குக் குத்திய ஓட்டை இல்லை. கடையில் எப்படி ஒட்டினார்களோ அப்படியே இருந்தது.

அப்படியென்றால் அந்த நாள் நடக்கவில்லை.

நடக்கவில்லை என்றால், அவள் மறுக்கவில்லை. பேனாவை எறியவில்லை. மனுசன் உயிர் சமாச்சாரம் என்று சொல்லவில்லை. அப்படியானால் அன்றைக்கு என்ன செய்தாள்? சாருக்கு முள் வராது. செருப்பு வார் மாதிரி ஒரு முள்ளை அந்த ஆபீசில் எழுதக்கூடியவள் ஒருத்திதான். பாய்லர் கூட்டத்தை எழுதியவள் அவள். எழுதச் சொன்னார்கள், எழுதினாள், உப்புப் பார்த்தாள், அனுப்பினாள். பாய்லர் வெடித்த பிறகு சாருக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டிருக்கிறது. உப்புப் பார்க்கும் நேரத்தில் அவள் காதிலேயே ஏற்றி முத்திரை போட்டிருக்கிறார். கோபக்காரிக்குக் கோபத்தையே ஊன்றியிருக்கிறார். ஆனால் மனுஷனுக்கு முள் வராதே! அவள் எழுதியதிலிருந்தே வெட்டி ஒட்டியிருக்கிறார். பழைய கூட்டத்தின் பத்தியை எடுத்துப் புதுக் கூட்டத்தில் போட்டு, பழைய கம்பெனியின் பெயரை மாற்ற மறந்துவிடுகிற அதே ஆபீஸ் புத்தி.

"என்ன கண்ணு, செருப்பக் கையில வெச்சுட்டு?"

தங்கமாரி சாரைத் திரும்பிப் பார்த்தாள். அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மடியிலிருந்த செருப்பைப் பார்த்தார். பிறகு அக்கா இன்னும் நீட்டிக்கொண்டிருந்த விரலைப் பார்த்தார். முதன்முறையாக அவர் முகத்தில் ஒன்று அசைந்தது.

கதவு திறந்தது. வாசிப்பு அதிகாரி லூர்துமேரி மேடம் எட்டிப் பார்த்தார். "ருக்குமணி. உள்ளே வாங்கம்மா."

அக்கா எழுந்தார். தங்கமாரி அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"மேடம், முதல்ல என்னை வாசிங்க."

"சாட்சி அப்புறந்தாம்மா. முறைன்னு ஒண்ணு இருக்கு."

"என்னை வாசிங்க, பிறகு அவங்கள வாசிங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. உங்க மிஷினுக்கு எது பொய்யின்னு தெரியாது, எனக்குத் தெரியும். ஆனா ரெண்டு தலையில ஒரே செருப்பு அறுந்திருந்தா அதுக்குத் தெரியும்ல?"

மேடம் கண்ணைச் சுருக்கினார்.

"தங்கமாரி." சார் எழுந்துவிட்டார். குரல் அப்போதும் உயரவில்லை. "நீ பதற்றத்துல இருக்கே. வீட்டுக்குப் போ. நான் பார்த்துக்கறேன்." கிட்டே வந்து அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார், "அந்தக் கூட்டத்தை எழுதினது யாருன்னு அவங்க கேப்பாங்க. உன் படிப்பு போகும். நீயும்தான் உள்ளே போவே. உனக்கு அந்த நல்ல ஞாபகம் போதாதா?"

போதும் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. அந்த மழை, அந்தப் படி, அந்த மாட்டேன். இதைவிட நல்ல பிள்ளையாக அவள் ஒருநாளும் இருந்ததில்லை. பொய்யென்று தெரிந்த பிறகும் அது கொஞ்சமும் மங்கவில்லை. இனிமேல் எத்தனை வருஷம் ஆனாலும் மங்காது, நல்ல முள்.

"நகருங்க சார்," என்றாள்.

மேடம் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க கம்பெனி செகரெட்டரிதானே? என்ன சொல்றோம்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான் மேடம்."

"சரி, வாங்க. சார், நீங்க எங்கேயும் போயிடாதீங்க."

தங்கமாரி செருப்பு இரண்டையும் பெஞ்சுக்கடியில் ஜோடியாக வைத்தாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். என்ன நடக்கிறது என்று அவருக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனால் ஏதோ ஒன்று புரிந்திருந்தது.

"அம்மணி... அப்ப பேத்தி பொறந்தப்ப நான் அங்கயா இருந்தேன்?"

"ஆமாக்கா. நீங்கதான் மொதல்ல வாங்குனீங்க. போட்டோ நிஜம்."

"நான் கையத் தூக்கலியா?"

"தூக்கல."

அக்கா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார், அது வேறு யாருடையதோ என்பது போல.

உள்ளே நாற்காலி சில்லென்று இருந்தது. மேடம் அவள் காதுக்குப் பின்னால் பட்டையை ஒட்டி, திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அந்தக் கூட்டத்தன்னிக்குப் போங்க. அவசரப்படாதீங்க. அன்னிக்கு நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

தங்கமாரி கண்ணை மூடினாள். உடனே மழை வந்தது. படி வந்தது. பேனா மேஜையில் விழும் சத்தம் கணீரென்று கேட்டது. வலது காலில் வார் அறுந்தது. வாயில் துரு ஊறிற்று.

"எழுதிக்கிட்டு இருந்தேன் மேடம்," என்றாள்.